ஆறாவது எண்ணூறு

அவளோடு ஓடிய முதல் நாள், மைதானத்தில் இரண்டாவது சுற்று முடிவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. பார்வையில்லாத ஒரு பெண்ணுக்குத் துணையாக ஓட ஆள் வேண்டும் என்று எங்கள் காலை ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது, யோசிக்காமல் "நான் வருகிறேன்" என்று எழுதியவள் நான். பாவம், மெதுவாகத்தான் ஓடும், பேசிக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது சுற்றில் அவளே நின்று, "அக்கா, ஒங்களுக்கு மேலு சரியில்லையா? இன்னைக்கி வேணும்னா நடப்போமா?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அவள் வேகத்துக்கு என் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அன்றைக்கு எனக்கு முப்பத்தொன்பது வயது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். வீடு சமயநல்லூருக்குப் பக்கத்தில். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று என் ரத்தத்தை நானே பரிசோதித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கியவள். அவளுக்கு இருபத்தாறு. சிம்மக்கல் பக்கம் ஒரு வங்கியில் கிளார்க். எட்டாம் வகுப்பில் கரும்பலகை மங்கலாகத் தொடங்கி, பிளஸ் டூ எழுதும்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சியது என்று, பஸ் தவறவிட்ட கதையைச் சொல்வதைப் போல ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குப் பேச வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. குறிப்பாக என் வேகம்.

அவளுக்கு ஈடுகொடுக்கவே நான் தனியாகப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தேன். ஆறு மாதம் ஆனது. துணை ஓட்டம் என்பது பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஒரு பழைய ஷூ லேஸின் இரண்டு முனையிலும் வளையம் போட்டு, ஒன்றை அவள் பிடித்துக்கொள்வாள், மற்றதை நான். அவள் கை முன்னே வரும்போது என் கையும் முன்னே வரவேண்டும். அவள் கால் எடுக்கும்போது நானும் எடுக்க வேண்டும். நடுநடுவே மேடு, பள்ளம், கல், திருப்பம் என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். சொல்வதற்கு மூச்சு மிச்சமிருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

நான் சொல்ல வந்தது போன மார்கழியில் நடந்தது. சென்னையில் ஒரு போட்டி, ஐந்து கிலோமீட்டர், இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த வாரம் பெய்த மழையில் மைதானம் முழுக்கத் தண்ணீர். ரோட்டில் ஓடலாம் என்றால் லாரி, நாய், பள்ளம். "ஒங்க ஊர்ப் பக்கம் எடமே இல்லையாக்கா?" என்று போனில் கேட்டாள்.

இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு கண்மாய். போன கோடையில்தான் மெஷின் வைத்துத் தூர்வாரி, கரையை அகலப்படுத்தி, செம்மண்ணும் சரளையும் போட்டு இறுக்கியிருந்தார்கள். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையிலிருந்து, கண்மாய் நிரம்பினால் வழிந்தோடும் கலுங்கு வரைக்கும் என் வாட்ச் கணக்கில் எண்ணூறு மீட்டருக்கு நாலைந்து மீட்டர் கூட. யாரோ எங்களுக்காகவே அளந்து போட்ட மாதிரி. நான் தனியாக அங்கே பலமுறை ஓடியிருக்கிறேன். ஆனால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடிச் சரிவுக்குக் கீழே வயல். அவளை அங்கே கூட்டிப்போக யோசனையாக இருந்தது.

"எம்புட்டு அகலம்?" என்றாள்.

"ஒரு டிராக்டர் தாராளமாப் போகும். கலுங்குப் பக்கம் ரெண்டு டிராக்டர்."

"நான் டிராக்டரு அம்புட்டுக் குண்டா இருக்கேனாக்கா? நாளைக்கே போவோம்."

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அவளுடைய அம்மா ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "பனி கொட்டுது, இதப் போத்திக்கிட்டுப் போ" என்றார். அவள், "போத்திக்கிட்டு எப்படிம்மா ஓட? வாரேன்" என்று சொல்லி என் பின்னால் ஏறிக்கொண்டாள். மதுரையில் குளிர் என்பதே வருடத்தில் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்கு ஊரே குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கும். நாங்கள் இருவரும் அரைக்கை டீ-ஷர்ட்டில் அவர்களைக் கடந்துபோனோம்.

கண்மாய்க்கு வந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. மடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கலுங்கு வரை அவளை ஒருமுறை நடத்திக் கூட்டிப்போனேன். அவள் காலால் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். திரும்பி வந்து மெதுவாக இரண்டு கிலோமீட்டர் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டதும் சொன்னாள்:

"மொதல்ல பொடிச் சரளை. அப்புறம் கெட்டியான மண்ணு, நடுவுல கொஞ்சம் தூரம் மணல் மாதிரி கால் உள்ள போகுது. கலுங்குக்கு முன்னாடி மறுபடி கெட்டி. சரியா?"

அந்தக் கரையில் ஆறு மாதமாக ஓடும் எனக்கு அது தெரியாது.

பயிற்சி இதுதான். ஆறு முறை எண்ணூறு மீட்டர், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் முப்பது வினாடிக்குள். நடுவில் இரண்டு நிமிடம் மட்டும் இளைப்பாறல். மடையிலிருந்து கலுங்குக்கு ஒன்று, கலுங்கிலிருந்து மடைக்கு ஒன்று. போகும்போது தண்ணீர் இடப்பக்கம் என்பதால் நான் இடப்பக்கம் ஓடினேன். திரும்பும்போது கை மாற்றி வலப்பக்கம் வந்துவிடுவேன். தண்ணீருக்கும் அவளுக்கும் நடுவில் நான் இருக்க வேண்டும் என்பது மட்டுமே எனக்கு அன்றைக்கு மனதில் இருந்த பெரிய யோசனை.

முதல் எண்ணூறு மூன்று இருபத்தொன்பதில் முடிந்தது. கலுங்கில் நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கும்போது, "என்ன தெரியுது, சொல்லுங்க" என்றாள்.

"தண்ணி. அந்தப் பக்கம் மலை."

"தண்ணி என்ன கலரு?"

"தண்ணி கலருதான்."

அவள் சிரித்துவிட்டாள். "அக்கா, நீங்க லேப் ரிப்போர்ட் எழுதுற மாதிரி சொல்றீக. சுகர் இருக்கு, உப்பு இருக்குன்னு. நான் பதினேழு வயசு வரைக்கும் பாத்தவ. கொஞ்சம் ஒழுங்காச் சொல்லுங்க, நான் மனசுல போட்டுப் பாத்துக்கிறேன்."

இரண்டாவது முடிந்து மடையில் நின்றபோது முயற்சி செய்தேன். தண்ணீர் பழைய அலுமினியத் தட்டு மாதிரி மங்கலாக இருக்கிறது என்றேன். "ம், பரவால்ல" என்றாள். மூன்றாவது முடிந்ததும் அவள் கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்துவிட்டேன். "பனி தண்ணிக்கு மேல இடுப்பு உயரத்துக்கு நிக்குது. நாகமலைக்கு அடி இல்ல, முதுகு மட்டும் தெரியுது. தண்ணிக்குள்ள ஒரு மொட்டப் பனை. அது உச்சில ஒரு நீர்க்காகம் ரெண்டு செறகையும் விரிச்சு, துணி காயப்போட்ட மாதிரி நிக்குது."

"அசையாம நிக்குதா?"

"அசையாம நிக்குது."

"எந்தப் பக்கம் பாத்து?"

நான் பார்த்தேன். "கெழக்க. வெயிலு வருமான்னு பாக்குது போல."

அவள் முகத்தைக் கிழக்கே திருப்பி, இளைப்பாற இருந்த நேரம் முடியும்வரை அப்படியே நின்றாள். "இது நல்லாருக்கு" என்றாள்.

அவள் ஓடுவதை நான் முழுதாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஓடுகிறவளுக்குத் தோளும் முழங்கையும்தான் தெரியும். ஆனால் பக்கத்திலிருந்தே தெரிவது கொஞ்சமில்லை. அவள் தலை அசையாது. தோள் தளர்ந்து இருக்கும். பாதம் தரையில் பட்டதும் எடுத்துவிடுவாள். மண் மாறும் இடம் வருவதற்கு ஓர் அடி முன்பே அவள் நடை மாறிவிடும். முதல் தடவையில் மனதில் போட்டுக்கொண்டது அவளுக்கு மறப்பதில்லை. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மணலில் கால் புதைந்து தடுமாறும்போது, அவள் சுலபமாகத் தாண்டிப்போவாள். எண்ணூறு மீட்டரில் கடைசி இருநூறு வரும்போது எனக்கு நெஞ்செல்லாம் எரியும். அவளுக்கும் எரியும்தான், மூச்சில் தெரியும். ஆனால் அந்த இடத்தில்தான் லேஸ் இழுபடும். எப்போதும் முன்பக்கமாக.

நான்காவது மூன்று இருபத்தாறு. எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. அவள் வர்ணனை எதுவும் கேட்கவில்லை. "இன்னும் ரெண்டுதான்க்கா" என்றாள். அந்த ரெண்டும் எனக்குப் பெரிய தூரமாகத் தெரிந்தது.

ஐந்தாவதில் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். பேச மூச்சில்லை. ஐந்நூறு மீட்டர் தாண்டியிருக்கும். கரையின் தண்ணீர்ப் பக்க விளிம்பை மழை ஓரிடத்தில் அரித்து, ஒரு முழ அகலத்துக்கு வெட்டியிருந்தது. நான்கு முறை பார்த்து ஒதுங்கிய அதே இடம். ஐந்தாவது முறை பார்க்கவில்லை. என் இடது கால் அதற்குள் போனது. கணுக்கால் ஒரு பக்கமாக மடங்கியதும், முழங்கை தரையில் தேய்ந்ததும், விரலிலிருந்து லேஸ் உருவிப் போனதும் ஒரே நேரத்தில் நடந்தன.

விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினேன். லேஸ் அவள் கையில் தொங்க, அவள் தனியாக ஐந்தாறு அடி ஓடி நின்றிருந்தாள். கரையின் நடுவில்தான் நின்றாள். ஆனால் அது அவளுக்குத் தெரியாதே. இரண்டு கையையும் லேசாக விரித்து, ஒரு விரல்கூட அசையாமல் நின்றாள்.

"அக்கா?"

"இருக்கேன். விழுந்துட்டேன். அங்ஙனயே நில்லு, அசையாத."

"தண்ணிக்குள்ளயா?"

"இல்ல, கரைலதான்."

"பேசிக்கிட்டே இருங்க." நான் "வா, வா, நேரா வா, நடுவுலதான் இருக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, குந்தி உட்கார்ந்து, என் முட்டியிலிருந்து கீழே தடவிக் கணுக்காலைக் கண்டுபிடித்தாள். அதற்குள் அது வீங்க ஆரம்பித்திருந்தது. பாதத்தை மெல்ல அசைத்துப் பார்த்தாள். நான் கத்தினேன்.

"ஒடியல. பெசகிருக்கு" என்றாள். பிறகு, "வாட்ச்ச நிறுத்துனீகளா?" என்று கேட்டாள்.

வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது.

என் கணவருக்குப் போன் போட்டேன். அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவருக்குக் கிணற்று மோட்டார் எரிந்திருக்கும். "அலங்காநல்லூர் ரோட்டுல நிக்கிறேன். அர மணி நேரத்துல வாரேன். நீ எந்திரிச்சு நடக்காத" என்றார். ஊரிலிருந்து வரும் வண்டிப் பாதை கலுங்கில்தான் வந்து ஏறும். அதனால் அங்கே போய் உட்காருவது என்று முடிவானது. அவள் என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நான் வழி சொன்னேன், அவள் என்னைத் தாங்கினாள். இருநூற்றைம்பது மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கலுங்குக் கல்லில் என்னை உட்கார வைத்துவிட்டு, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நிற்கப் பிடிக்காமல் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"சாரி" என்றேன். "ஒன் ஒர்க்அவுட் போச்சு."

"இன்னும் ஒன்னு இருக்கு."

"எப்படிப் போவ?"

"கலுங்குப் பக்கம் ரெண்டு டிராக்டர் போகும்னீகள்ல? நேரா எம்புட்டுத் தூரம் இருக்கு அந்த அகலத்துல?"

"ஒரு இருநூறு மீட்டர் இருக்கும்."

"நான் கடைசியாப் படிச்ச கண்ணு தெரியாதவுக ஸ்கூல்ல நூறு மீட்டர் ஓட்டம் கயிறு இல்லாமத்தான் வப்பாக. சார் அந்தக் கடைசில நின்னு கூப்புடுவாரு. சத்தத்தப் பாத்து ஓடணும். இருநூறு நாலு தடவ ஓடுனா எண்ணூறு. நீங்க இங்ஙன இருந்து கூப்புடுங்க."

நான் முடியாது என்றேன். ஸ்கூல் மைதானத்தில் விழுந்தால் புல், இங்கே விழுந்தால் தண்ணீர் என்றேன். உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிக்கா, அந்தக் கடைசில நின்னு கூப்புடவும் ஒரு ஆள் வேணும்ல, நீங்க ஒரு ஆள்தான இருக்கீக" என்று தானாகவே விட்டுக்கொடுத்தாள். அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. வயலுக்குக் களை எடுக்கப் போகும் ஓர் அம்மா, தலையில் முண்டாசும் கையில் தூக்குச்சட்டியுமாக, வண்டிப் பாதையில் ஏறி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் காலைப் பார்த்து, "ஆத்தீ, இம்புட்டு வீங்கிருக்கே" என்று நின்றார். நான் பதில் சொல்வதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, ஒரு அஞ்சு நிமிசம் இருப்பீகளா? ஒரு ஒதவி."

முழுக் கதையும் கேட்டுவிட்டு அந்த அம்மா அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "ஏத்தா, ஒனக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாதா?"

"வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும்."

"அப்ப என் மூஞ்சி தெரியாது."

"தெரியாதும்மா."

"நல்லவேள. இன்னைக்கி நான் தலகூடச் சீவல." தூக்குச்சட்டியை என் பக்கத்தில் வைத்தார். "ஆனா விழுந்து கிழுந்து வச்சீன்னா?"

"அக்கா ஏற்கெனவே விழுந்துட்டாக. ஒரு நாளைக்கு ஒரு ஆள் போதும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் சொல்வதை யாரும் கேட்கவில்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். தன் நடைக்கு முன்னூறு அடி வைத்தால் இருநூறு மீட்டர் என்று சொல்லி அவள் எண்ணிக்கொண்டே போனாள். தூரத்தில் இருவரும் நின்றார்கள். பனி அதற்குள் பாதி கலைந்திருந்தது. அவளுடைய சிவப்புச் சட்டை நன்றாகவே தெரிந்தது. அந்த அம்மா அவள் தோளைப் பிடித்து, என்னைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், இளைப்பாறும்போது குடிக்கக் கலுங்கிலேயே வைத்திருந்த என் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை வண்டிச் சாவியால் தட்டினேன். டங் டங் என்று அந்தக் குளிரில் அது நன்றாகக் கேட்டது. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். கிளம்பினாள்.

முதல் இருபது அடி தயங்கித் தயங்கி வந்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் முதன்முறையாக அவள் ஓடுவதை நேரே எதிரில் இருந்து பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. கையில் கயிறு இல்லை. இரண்டு கையும் அவளுக்கே சொந்தமாக முன்னும் பின்னும் வீசின. முழங்கால் நன்றாக உயர்ந்தது. என்னோடு ஓடும்போது அவள் தன் காலைச் சுருக்கி, என் அடிக்குத் தக்க தன் அடியை வைத்துத்தான் ஓடிவந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துணைக்கு வந்தவளுக்கு இவள் அல்லவா இத்தனை நாளும் துணை ஓடியிருக்கிறாள். பாட்டிலைத் தட்டுவதை நிறுத்திவிடாமல் இருக்க எனக்குச் சிரமமாக இருந்தது.

"நில்லு, வந்துட்ட" என்றதும் நாலடியில் நின்றாள். "எம்புட்டு?"

"அம்பத்தெட்டு."

"பயந்து ஓடிருக்கேன்" என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். நான் அவளை நேராக்கி நிறுத்தினேன். "அம்மா, கூப்புடுங்க!" என்று கத்தினாள்.

மறுமுனையில் அந்த அம்மா கையை வாயருகே கொண்டு போவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. கூச்சப்படுகிறார். "என்னத்தா சொல்லிக் கத்த?" என்று மெலிதாகக் கேட்டது.

"என்னமாச்சும்! நிறுத்தாம!"

அவர் முண்டாசை இறுக்கிக்கொண்டார். பிறகு அங்கிருந்து குலவை கிளம்பியது. நாற்று நடும்போதும் சாமி கும்பிடும்போதும் எங்கள் பக்கத்துப் பெண்கள் போடுகிற அதே குலவை. ஒற்றைத் தொண்டையிலிருந்து, தண்ணீர் மேலே சறுக்கிக்கொண்டு வந்தது. கரையோரத்து நாமக்கோழிகள் படபடவென்று தண்ணீரில் ஓடி எழுந்தன. இவள் சிரித்துக்கொண்டே பாய்ந்தாள். கொஞ்சமும் விலகாமல், நூல் பிடித்த மாதிரி அந்தச் சத்தத்துக்குள் ஓடினாள். ஐம்பத்தொன்று.

மூன்றாவது இருநூறு மறுபடி என்னை நோக்கி. இந்த முறை வேகமாக வந்தாள். பாதி தூரத்தில் தண்ணீர்ப் பக்கமாகச் சாயத் தொடங்கினாள். நான் பதறி, "இடது! இடது!" என்று கத்தினேன். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது இடது. அவளுக்கு அது வலது. அவள் என் பேச்சை நம்பி இன்னும் ஓர் அடி தண்ணீரை நோக்கி நகர்ந்தாள். கெட்டி மண் முடிந்து புல் ஆரம்பிக்கும் விளிம்பில் அவள் கால் பட்டது.

"வலது! ஒன் வலது! வலது!"

அவள் நிற்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. புல்லில் கால் பட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் இரண்டாவது முறை கத்தி முடிப்பதற்குள் மறுபடி கரை நடுவில் இருந்தாள். வந்து நின்றதும் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"போதும். என்னால முடியாது. தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும். புல்லு வந்துச்சுல்ல" என்றாள் மூச்சிரைக்க. "நீங்க எதிருல ஒக்காந்திருக்கீகள்ல, மாறத்தான் செய்யும். எங்க சாரும் மாத்திச் சொல்வாரு. கடைசி ஒன்னு அந்தப் பக்கந்தான, நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். எம்புட்டு?"

"அம்பத்திமூணு."

"திருப்பி விடுங்க."

திருப்பி விட்டேன். வேறு என்ன செய்ய? அவள் முழங்கை என் கைக்குள் சூடாக, வேர்வையில் வழுக்கியது. அந்த அம்மாவுக்கு இப்போது கூச்சம் போயிருந்தது. இவள் கையைத் தூக்கியதுமே, மூச்சை நிறைய இழுத்து, நீளமாகக் குலவையிட்டார். இவள் போனாள்.

அதை எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது. கரை முழுக்க மஞ்சள் வெளிச்சம். அதன் நடுவில் ஒரு சிவப்புச் சட்டை சின்னதாகிக்கொண்டே போனது. எந்தத் தயக்கமும் அந்த ஓட்டத்தில் இல்லை. கண் நன்றாகத் தெரிகிற நான் என் வாழ்க்கையில் ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. அடுத்த அடி எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்து ஓடியே பழகியவள் நான். மறுமுனையில் அந்த அம்மா குலவையை நிறுத்தாமலே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார். இவள் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் அவர் மேலேயே போய் மோதினாள். இருவரும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்கள். நாற்பத்தைந்து வினாடி. நான் வாட்ச்சைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

பின்னால் பைக் சத்தம் நின்றிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். என் கணவர் கையில் ஒரு கிரேப் பாண்டேஜோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, குலவச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்குது? ஏதும் சாமி கும்பிடுறாகளா?"

"இல்ல. ஒர்க்அவுட்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கால் வலி என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பி நடந்து வந்தார்கள். மொத்தம் மூன்று நிமிடம் இருபத்தேழு வினாடி என்று சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்தாள். "நின்னு நின்னு ஓடுனதுக்கா. கணக்குல எழுதாதீக. அஞ்சுதான் எழுதணும். அதுவும் அஞ்சாவது பாதி." அந்த அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டே, "நேரமாச்சு. கங்காணிக்கு நான் என்னன்னு சொல்ல? ஓட்டப் பந்தயம் வச்சேன்னா நம்பவா போறான்?" என்றார். போவதற்கு முன்னால் இவள் கன்னத்தைத் தடவி விரலை நெட்டி முறித்தார். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பிறகு அதற்காக வருத்தப்பட்டோம்.

எனக்குத் தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரம் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னைப் போட்டிக்கு ஒரு கல்லூரி மாணவியைத் துணைக்கு ஏற்பாடு செய்தோம். மாவட்ட அளவில் ஓடுகிற பெண். நான் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மதியம் போன் வந்தது.

"நாலாவது" என்றாள் எடுத்ததும். கோபமாக இருந்தாள். தன்னுடைய பழைய நேரத்திலிருந்து நாற்பது வினாடி குறைத்திருந்தாள், அதை நான் கேட்டுத்தான் சொன்னாள். மூன்றாவதாக வந்தவள் கடைசி நூறு மீட்டரில் தாண்டிப்போனதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "இந்தப் புள்ள நல்லா ஓடுது. ஆனா வாயே தொறக்க மாட்டேங்குது. ஒரு மரம் வந்துச்சு, மட்ட வந்துச்சுன்னு சொல்லலாம்ல? ஓட்டம் முடிஞ்சு கடல் எந்தப் பக்கம்னு கேட்டேன். 'அந்தப் பக்கம்'னு கையக் காட்டுது!"

மாசியில் நான் மறுபடி ஓட ஆரம்பித்தேன். வேகம் திரும்பவில்லை. வேகமாக ஓடினால் கணுக்கால் ஐந்நூறு மீட்டரிலேயே முணுமுணுக்கும். வேகப் பயிற்சி நாட்களுக்கு அந்தக் கல்லூரிப் பெண்ணே இப்போது அவளோடு ஓடுகிறாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. இரண்டாவது வாரம் அவளே போன் செய்து, "வந்து ஒக்காந்து டைமாச்சும் பாருங்க, இந்தப் புள்ள வாட்ச்ச அமுக்கவே மறந்துருது" என்று கூப்பிட்டாள்.

போனேன். இப்போது செவ்வாயும் வியாழனும் படிக்கட்டில் உட்கார்ந்து நேரம் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மெதுவான நீண்ட ஓட்டம் மட்டும் என்னோடு, பத்துக் கிலோமீட்டர், பேசிக்கொண்டே. படிக்கட்டில் உட்காருவதில் ஒரு வசதி இருக்கிறது. அவள் ஓடுவது முழுதாகத் தெரிகிறது. அந்தப் பெண்ணின் கால் நீளமானது, இவளுக்குச் சரியாக ஈடுகொடுக்கிறது. இவள் தன் அடியைச் சுருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றும் என்னைத் தாண்டும்போது நான் நேரத்தைச் சத்தமாகச் சொல்வேன். அவள் தலையைத் திருப்பாமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு, அடுத்த வளைவுக்குள் போய்விடுவாள்.